குத்தகையாளரும் அனுமதிச் சீட்டும்: மூவார் நகரில் கட்டுமானத் தொழிலின் சட்டமும் செலவும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர் தோட்டம், இரயில்பாதை, பொதுப்பணித் துறை, துறைமுகம் ஆகியவற்றை விரிவாகப் பேசுவர். கட்டுமானக் குத்தகையாளரைப் பற்றிய குறிப்புகளோ அருகியே காணப்படுகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போன பின்னர் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கம்பி கட்டுவோரும் வர்ணம் பூசுவோரும் உருவாயினர். அவர்களுள் சிலர் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் குத்தகையாளர்களாகவும் உயர்ந்தனர். இருப்பினும், அவர்கள் எழுப்பிய கட்டடங்களின் கோப்புகளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இல்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்று மிகச் சாதாரணமானது. உரிமம் வேறொருவர் பெயரில் இருக்கிறது.

இக்கட்டுரை அந்த உரிமம் எத்தகையது, அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் அனுமதி எத்தகையது, இவற்றுக்கும் கட்டுமானச் செலவுக்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றை மூவார் நகரை மையமாகக் கொண்டு விளக்க முற்படுகிறது. 1880களில் ஜொகூர் சுல்தான் அபு பக்காரால் பண்டார் மகாராணி எனப் பெயரிடப்பட்ட இந்நகர் 2012ஆம் ஆண்டு அரச நகராக அறிவிக்கப்பட்டது. நாட்டின் மரத்தளவாடத் தொழிலுக்குத் தலைநகர் என்றே இதனைக் கூறுவர். தொழிற்சாலைகள் பெருகப் பெருக வீடமைப்புத் திட்டங்களும் பழைய வீடுகளின் நீட்டிப்பு வேலைகளும் பெருகுகின்றன. தலைநகரின் பெருநிறுவனங்கள் எட்டிப் பாராத இத்தகைய நடுத்தர நகரங்களே சிறு குத்தகையாளர்களின் களமாகும். தமிழாசிரியர்க்கும் இப்பொருள் அயலானதன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ பள்ளி மேலாளர் வாரியத்திலோ இருந்துகொண்டு ஒரு மண்டபத்திற்கோ கழிவறைத் தொகுதிக்கோ குத்தகையாளரைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட வேண்டிய நிலை நம்மில் பலர்க்கு ஏற்படுவதுண்டு.

சொல்லும் பொருளும்

தமிழகத்தில் 'குத்தகை' என்றால் நிலக்குத்தகையே முதலில் நினைவுக்கு வரும். கட்டட வேலையை ஏற்பவரை அங்கு ஒப்பந்தக்காரர் என்பர். மலேசிய நாளிதழ்களிலோ 'குத்தகையாளர்' என்பதே வழக்கு. பேச்சில் 'கண்ட்ராக்டர்' நிற்கிறது. இவ்வழக்கைப் பிழை எனத் திருத்த முனைவது வேண்டாத வேலை என்பது என் கருத்து. நிலக்குத்தகையாயினும் கட்டடக் குத்தகையாயினும் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. விளைச்சல் குறைந்தாலும் சிமெண்டு விலை ஏறினாலும் இழப்பு ஏற்றவரையே சாரும். மொத்தத் தொகை ஒப்பந்தம் என்று இன்று சட்ட நூல்கள் கூறுவதன் உட்பொருளை அப்பழஞ்சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

பொதுக் குத்தகையாளர் என்பவர் முழுக் கட்டடத்தையும் ஏற்று, மின்கம்பி, குழாய், கூரை முதலிய பகுதிகளைத் துணைக் குத்தகையாளர்க்குப் பிரித்துக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் உரிமையாளரிடம் தாமே பொறுப்பேற்பவர்.

வழக்குச் சொல்லில் திருத்தம் தேவைப்படும் இடம் வேறு. 'லைசென்ஸ்' என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு பொருள்களைக் குறித்து வருகிறோம். உரிமம் ஆளுக்கோ நிறுவனத்துக்கோ உரியது. அனுமதி ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கும் அதன்மேல் எழும் கட்டடத்துக்கும் உரியது. உரிமம் உள்ள குத்தகையாளரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டோம், ஆகவே அனுமதியும் உள்ளது எனக் கருதும் வீட்டுக்காரர்கள் பலர். வரைபடம் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது, ஆகவே யார் கட்டினாலும் குற்றமில்லை என எண்ணுவோரும் உளர். இரண்டுமே தவறு.

உரிமம்

முதற்படி மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்தலாகும். 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ்த் தனியுடைமை வணிகமாகப் பதிந்துகொள்ள, வணிகப் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட் போதும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30 ரிங்கிட். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் அமைக்க 1,000 ரிங்கிட் ஆகும். 2017 சனவரி 31இல் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் ஒருவரே தனித்து இத்தகைய நிறுவனத்தைத் தொடங்கவும் இடமளித்தது. இப்பதிவு வணிகம் செய்வதற்கு உரியதேயன்றிக் கட்டடம் கட்டுவதற்கு உரியதன்று.

கட்டடம் கட்டுவதற்கான உரிமம் மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்திடமிருந்து பெறப்படுவது. சி.ஐ.டி.பி. என்று அழைக்கப்படும் இவ்வாரியம் 1994ஆம் ஆண்டின் 520ஆம் எண் சட்டத்தால் அமைந்தது. வாரியத்தில் பதிந்துகொள்ளாத எவரும் கட்டுமானப் பணியை ஏற்கவோ செய்யவோ கூடாது என்பது அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதனை மீறுவோர்க்குரிய அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட், கூடியது 100,000 ரிங்கிட். குறைந்த அளவு ஒன்றைச் சட்டமே விதித்திருப்பது கவனிக்கத்தக்கது. சிறு வேலைதானே என நீதிபதி இரங்க நினைத்தாலும் அதற்குக் கீழே இறங்க இயலாது.

பதிவு ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2010களில் நடைமுறையில் இருந்த அட்டவணையின்படி ஜி1 குத்தகையாளர் 200,000 ரிங்கிட் வரையிலான பணிகளை ஏற்கலாம், ஜி2 5 இலட்சம், ஜி3 10 இலட்சம், ஜி4 30 இலட்சம், ஜி5 50 இலட்சம், ஜி6 1 கோடி, ஜி7க்கு வரம்பில்லை. செலுத்தப்பட்ட மூலதனம் ஜி1க்கு 5,000 ரிங்கிட்டில் தொடங்கி ஜி2க்கு 25,000, ஜி3க்கு 50,000, ஜி4க்கு 150,000 என ஏறி ஜி7க்கு 750,000ஐ எட்டியது. தரம் உயர உயரத் தொழில்நுட்பத் தகுதியுடையோரைப் பணியில் வைத்திருப்பதும் கட்டாயமாகிறது. இவற்றுக்குமேல் பணிவகை உண்டு. கட்டடம், குடிமைப் பொறியியல், இயந்திர மின்பணி என்பன பெரும்பிரிவுகள். பொதுக் கட்டட வேலைக்குரிய குறியீடு பி04. சாலைப்பணிக்குப் பதிந்தவர் அப்பதிவைக் கொண்டே வீடு கட்ட முடியாது.

இத்தர முறையின் இறுக்கம் ஜி1க்கும் ஜி3க்கும் இடையில்தான் உறைக்கிறது. நீட்டிப்பு வேலைகளிலேயே காலம் கழித்த குத்தகையாளர் ஒருவர்க்குத் தனி நிலத்தில் 600,000 ரிங்கிட் மதிப்புள்ள இரண்டடுக்கு வீடு கட்டும் வாய்ப்பு வருவதாகக் கொள்வோம். மேற்கூறிய அட்டவணைப்படி ஜி2கூட அவர்க்குப் போதாது. 50,000 ரிங்கிட் மூலதனமும் தகுதிச் சான்றுடைய ஆளும் தேவை. கையில் வேலை தெரிகிறது, காகிதத்தில் இல்லை. பலர் தடுமாறும் படிக்கட்டு இதுவே.

இங்கிலாந்தில் ஆய்வு மாணவனாக இருந்தபோது அங்குப் பொதுவாகக் கட்டடக்காரர்க்கு உரிமம் என ஒன்று இல்லை என்பதை அறிந்து வியந்ததுண்டு. எரிவாயுப் பணி போன்ற சிலவற்றுக்கே அங்குக் கட்டாயப் பதிவு. அண்டை நாடான சிங்கப்பூரோ 2009 சூன் 16 முதல் பொதுக் கட்டுநர் உரிமத்தைக் கொண்டுவந்து, முதல் வகுப்புக்கு 300,000 சிங்கப்பூர் வெள்ளியும் இரண்டாம் வகுப்புக்கு 25,000 வெள்ளியும் செலுத்தப்பட்ட மூலதனமாக விதித்தது. அங்கு வகுப்பு இரண்டு. இங்குத் தரம் ஏழு. படிகள் மிகுந்தால் ஏறுவது எளிதாகும் என்பதே ஏழு தரங்களின் நோக்கமாக இருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு படியிலும் தனித்தனியே பணம் கட்ட வேண்டியுள்ளது.

அரசுப் பணிகளின் நிலை வேறு. முன்னர்க் குத்தகையாளர் சேவை மையம் 'ஏ' முதல் 'எஃப்' வரை வகுப்புகளை வழங்கியது. அவற்றுள் கடைநிலையான 'எஃப்' வகுப்பு பூமிபுத்ரா நிறுவனங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. வகுப்புகள் மறைந்து வாரியத்தின் அரசுப்பணிச் சான்றிதழ் வந்த பின்னரும் சிறு தொகைப் பணிகளை அவ்வாறு ஒதுக்கும் கொள்கை தொடர்ந்தது. இக்கொள்கையின் நியாய அநியாயங்கள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வாரா. விளைவு மட்டும் கூறத்தக்கது. சிறு அரசுப் பணிகளில் தொடங்கி அனுபவச் சான்று சேர்த்து மேலேறும் வழி தமிழ்க் குத்தகையாளர்க்குக் குறுகலாகவே இருந்தது. அவர் தனியார் வீடுகளையும் கோயில் திருப்பணிகளையும் பள்ளிக் கட்டடங்களையும் நம்பியே வளர வேண்டியிருந்தது.

அனுமதி

மூவாரில் கட்டட அனுமதி வழங்கும் ஊராட்சி அமைப்பு மூவார் நகராண்மைக் கழகம். இதன் அதிகாரம் பெரும்பாலும் இரு சட்டங்களிலிருந்து வருகிறது. நிலத்தை எப்பயனுக்குப் பயன்படுத்தலாம் என்பதை 1976ஆம் ஆண்டின் நகர் ஊரகத் திட்டமிடல் சட்டம் (172) கூறும். கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் (133) அதன்கீழ் அமைந்த 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளும் கூறும். திட்டமிடல் அனுமதியின்றி நிலத்தை மேம்படுத்தினால் 500,000 ரிங்கிட் வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வீட்டுக்காரர்கள் இத்தொகையை நம்ப மறுப்பது இயல்பே.

விண்ணப்பத்தைக் குத்தகையாளர் கொடுப்பதில்லை. கட்டடக் கலைஞரோ பொறியாளரோ, சிறு கட்டடமாயின் பதிவு பெற்ற வரைபடக்காரரோ கொடுக்க வேண்டும். 2007 ஏப்ரல் முதல் ஊராட்சி மன்றங்களில் ஒருமுக மையம் செயல்படுகிறது. தீயணைப்புத் துறை, வடிகால், குடிநீர், மின்சாரம் என வெவ்வேறு துறைகளின் கருத்துகளை அம்மையமே திரட்டுகிறது. அதே 2007 ஏப்ரலில் மற்றொரு பெரிய மாற்றமும் வந்தது. அதுவரை குடியேறத் தகுதிச் சான்றிதழை ஊராட்சி மன்றம் வழங்கி வந்தது. அதற்கு மாறாக, நிறைவு ஏற்புச் சான்றிதழைத் திட்டத்தின் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்கும் முறை நிறுவப்பட்டது. அச்சான்றிதழுக்கு முன் 21 படிவங்கள் கையெழுத்தாக வேண்டும். அடித்தளம், கட்டமைப்பு, குழாய், மின்பணி, வடிகால் என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம்; ஒவ்வொன்றிலும் அவ்வேலையைச் செய்த குத்தகையாளரும் அதனை மேற்பார்த்த வல்லுநரும் கையெழுத்திட வேண்டும்.

இப்படிவங்களுக்கும் ஜி1, ஜி2 என்றே பெயர். ஜி21 வரை செல்லும் இப்படிவ எண்களுக்கும் ஜி7 வரை செல்லும் குத்தகையாளர் தரங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயரிட்டோர் ஒருவரையொருவர் கலந்து பேசவில்லை போலும்.

மின்கம்பி வேலையில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவரும், குடிநீர்க் குழாய் வேலையில் தேசிய நீர்ச்சேவை ஆணையத்தின் அனுமதி பெற்றவருமே கையெழுத்திடத்தக்கவர். மலிவாகக் கிடைத்த ஆளைக்கொண்டு கம்பி இழுத்துவிட்டுக் கடைசியில் கையெழுத்துக்கு அலையும் குத்தகையாளர் அங்கே சேமித்ததை இங்கே இருமடங்காக இழப்பார்.

பள்ளிகளைப் பொறுத்தவரை ஒன்று கூறியாக வேண்டும். மூவார் வட்டாரத்தில் லானாட்ரோன் தோட்டத் தமிழ்ப்பள்ளி போலத் தோட்டச் சூழலில் தோன்றிய பள்ளிகள் உள்ளன. பொதுவாக இத்தகைய பள்ளிகளில் கொடையாளர் ஒருவர் மண்டபம் கட்டித் தர முன்வரும்போது ஏற்படும் மகிழ்ச்சியில் நிலவுரிமை யாருடையது என்னும் கேள்வி பின்தங்கிவிடும். கல்வித் துறையின் ஒப்புதல் ஒன்று. நில உரிமையாளரின் இசைவு ஒன்று. ஊராட்சி மன்றத்தின் நடைமுறை ஒன்று. இவற்றுள் எதுவும் மற்றொன்றுக்கு ஈடாகாது. நிறைவுச் சான்றிதழ் இல்லாத மண்டபத்தில் விபத்து நேர்ந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவோர் கொடையாளர் அல்லர், தலைமையாசிரியரும் வாரியத்தினருமே.

மண்ணும் செலவும்

மூவாரில் கட்டுவதற்கு ஆகும் செலவை அறிய விரும்புவோர் முதலில் தரைக்குக் கீழே பார்க்க வேண்டும். மேற்கு ஜொகூரின் கரையோரச் சமவெளி முழுதும் மென்மையான கடற்களிமண்ணால் ஆனது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அமைக்கப்பட்ட காலத்தில் மலேசிய நெடுஞ்சாலை ஆணையம் மூவார்ச் சமவெளியில் சோதனை மேடுகள் பலவற்றை எழுப்பியது. அவற்றுள் ஒன்று சரியும் வரை மண் கொட்டி உயர்த்தப்பட்டது, 5.4 மீட்டர் உயரத்தில் அது சரிந்தது. எவ்வளவு உயரத்தில் சரியும் என முன்கூட்டிக் கணிக்குமாறு பன்னாட்டு வல்லுநர் அழைக்கப்பட்டனர். 1989இல் கோலாலம்பூரில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் அம்முடிவுகள் விவாதிக்கப்பட்டன. மண்ணியல் பொறியாளர்கள் இன்றளவும் மேற்கோள் காட்டும் சோதனை அது.

வீடு கட்டுபவர்க்கு இதன் பொருள், மண்சோதனையும் தூண் அடித்தலும் தவிர்க்க இயலாத செலவு என்பது. முன்னாளில் கண்டல்மரக் கம்பங்களை அடித்தனர். இன்று கான்கிரீட் தூண்கள். தரை மேல் தெரியும் வீடு ஒன்றாக இருந்தாலும் இதற்கும் கடினமண் பகுதியில் எழும் வீட்டுக்கும் செலவு ஒன்றாகாது. நீட்டிப்பு வேலையில் இக்கணக்குத் தவறுவதால் வரும் கேட்டைப் பல வீடுகளில் காணலாம். தூண்மேல் நிற்கும் பழைய பகுதி அசையாது. தூணின்றிச் சேர்த்த அடுக்களை மெல்லத் தாழும். இரண்டும் சேரும் சுவரில் பிளவு விழும். குத்தகையாளர் ஏமாற்றிவிட்டார் என உரிமையாளர் கூறுவார். தூணுக்குப் பணம் தர அவர்தான் மறுத்தார் எனக் குத்தகையாளர் கூறுவார். எழுத்தில் ஒன்றும் இராது.

அடுத்துத் தொழிலாளர். அடிப்படைச் சம்பளம் தீபகற்பத்தில் 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி 2025இல் 1,700ஐ எட்டியது. கட்டுமானத் துறையில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவர்க்குரிய ஆண்டுத் தீர்வை 2016இல் 1,850 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமநிதி, சொக்சோ ஆகியன தனி. கட்டுமானத் தளத்தில் வேலை செய்வோர் வாரியத்தின் பச்சை அட்டை வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. 2024 சூன் 1இல் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டுத் திருத்தப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐவரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் புதிய விதி.

500,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு வாரியத்துக்குத் தீர்வை செலுத்த வேண்டும். இது ஒரு விழுக்காட்டிலும் குறைந்த சிறு தொகை, குத்தகையாளரே செலுத்துவது. 2025 சூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்படுகிறது. பன்னிரண்டு மாதங்களில் 15 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் வருமானம் காணும் குத்தகையாளர்க்கே இது பொருந்தும். குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு.

எனினும், சிறு குத்தகையாளரை வீழ்த்துவது கட்டணங்களல்ல. கட்டணம் எவ்வளவு என்பது முன்பே தெரியும், விலையில் சேர்த்துவிடலாம். வீழ்த்துவது கையிருப்பு. மேலே கூறிய 600,000 ரிங்கிட் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஒப்பந்தப் படிவத்தின்படி ஒவ்வொரு தவணையிலும் 10 விழுக்காடு பிடித்துவைக்கப்பட்டு, ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு சேர்ந்ததும் பிடித்தம் நிற்கும். அதாவது 30,000 ரிங்கிட் உரிமையாளரிடமே இருக்கும். அதில் பாதி வேலை முடிந்ததும், மீதி குறைகள் சரிசெய்யப்பட்ட பின்னரும் திரும்பும். குத்தகையாளர் எதிர்பார்க்கும் ஆதாயம் 8 விழுக்காடு, அதாவது 48,000 ரிங்கிட் என்று கொண்டால், வேலை முடியும் தறுவாயில் அவர் கையில் இருப்பது 18,000 மட்டுமே. ஒரு தவணை இரண்டு மாதம் தாமதித்தால் அதுவும் கடையில் இரும்புக்கும் சிமெண்டுக்கும் பட்ட கடனில் கரைந்துவிடும்.

நிலுவையும் சட்டமும்

இத்தாமதத்திற்கு மருந்தாக வந்ததே 2012ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழில் கொடுப்பனவு, தீர்ப்பாய்வுச் சட்டம் (746). 2014 ஏப்ரல் 15இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திராமல் தீர்ப்பாய்வாளர் ஒருவர் முன் நிலுவையைக் கோர வழிவகுத்தது. கோரிக்கை கிடைத்த 10 வேலைநாள்களில் எதிர்த்தரப்பு பதில் தரலாம். வாதங்கள் முடிந்த 45 வேலைநாள்களுக்குள் தீர்ப்பாய்வாளர் முடிவு வழங்க வேண்டும். மேலிருப்பவர் தந்தால்தான் கீழிருப்பவர்க்குத் தருவேன் என்னும் நிபந்தனை செல்லாது என 35ஆம் பிரிவு கூறுகிறது. துணைக் குத்தகையாளர்க்கு இதைவிடப் பயனுள்ள சட்டவரி வேறில்லை.

வேலைநாள் என்பதற்கும் இச்சட்டம் இலக்கணம் வகுத்துள்ளது. கட்டுமானத் தளம் அமைந்துள்ள மாநிலத்தின் வார விடுமுறையும் பொது விடுமுறையும் நீக்கிக் கணக்கிட வேண்டும். ஜொகூரில் 2014 முதல் 2024 இறுதி வரை வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 சனவரி முதல் சனியும் ஞாயிறும். ஆதலின் கெசாங் ஆற்றுக்கு இப்பால் மூவாரிலும் அப்பால் மலாக்காவிலும் வேலை செய்த குத்தகையாளர் ஒருவர்க்கு அப்பத்தாண்டில் இரண்டு நாள்காட்டிகள் தேவைப்பட்டன.

ஆனால் இம்மருந்து கிட்டாத நோயாளிகளும் உளர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் தடை. தனிமனிதர் ஒருவர் தாம் குடியிருப்பதற்காகக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்பது இரண்டாம் தடை. மூவாரின் சிறு குத்தகையாளர் மேற்கொள்ளும் வேலைகளுள் பெரும்பகுதி இவ்விரண்டாம் விலக்கிற்குள் அடங்கிவிடும் என்பதே உண்மை. அவர்க்கு எஞ்சுவது வழக்கமான நீதிமன்றமே. பள்ளி மேலாளர் வாரியமோ கோயில் நிருவாகமோ தரும் வேலை 'தனிமனிதர் தம் குடியிருப்புக்கு' என்னும் விலக்கில் வாராது. ஆகவே அங்கு எழுத்து ஒப்பந்தம் இருப்பின் குத்தகையாளர்க்குப் பாதுகாப்பு உண்டு. தெரிந்தவர்தானே, ஒப்பந்தம் எதற்கு என வாரியத்தினர் கேட்பது அவர்க்குச் செய்யும் நன்மையாகாது.

இரவல் உரிமம்

இனி, தொடக்கத்தில் கூறியதற்கு வருவோம். தரம் போதாத குத்தகையாளர், தரம் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரில் வேலையை எடுத்து, ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை அந்நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டுத் தாமே கட்டுவது நெடுநாள் வழக்கம். எவர்க்கும் தெரியாத இரகசியம் அன்று. சட்டத்தின் கண்ணில் அவர் அவ்வேலையின் குத்தகையாளரே அல்லர். நிலுவை கோரும் உரிமை ஒப்பந்தத்தில் பெயருள்ள நிறுவனத்துக்கே உரியது. அவர் செய்த வேலைக்கான அனுபவச் சான்றும் அந்நிறுவனத்துக்கே சேரும். அதன் தரமே உயரும். பத்தாண்டு கட்டிய பின்னரும் இவர் ஜி1ஆகவே நிற்பார், அல்லது அதுவும் இன்றி நிற்பார். கூரை ஒழுகினால் மட்டும் உரிமையாளர் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

பங்குத் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தால் இரவல் மலிவானதும் அன்று. 600,000 ரிங்கிட் வேலையில் 5 விழுக்காடு கொடுத்தாலும் 30,000 ரிங்கிட். அத்தகைய வேலைகள் இரண்டில் கொடுக்கும் பங்கு, மேற்சொன்ன அட்டவணையின் ஜி3 மூலதனத்தை விஞ்சிவிடும். மூலதனம் நிறுவனத்திலேயே இருக்கும் பணம். பங்கோ போனது போனதுதான். இக்கணக்கை அறியாதவர்கள் அல்லர் நம் குத்தகையாளர்கள். படிவம், மலாய்மொழிக் கடிதம், இணையப் பதிவு, புதுப்பிக்கும் நாள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். ஐந்தாம் படிவம் முடித்த மகனோ மகளோ செய்யக்கூடிய வேலை இது. அப்பிள்ளைகளைக் கற்பித்தவர்கள் இவ்விதழின் வாசகர்களுள் இருப்பர்.

ஆய்வாளர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 2007க்குப் பின் எழுந்த ஒவ்வொரு கட்டடத்தின் நிறைவுச் சான்றிதழோடும் அந்த 21 படிவங்களின் படிகள் ஊராட்சி மன்றத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அடித்தளம் போட்டவர் யார், கூரை வேய்ந்தவர் யார், குழாய் பொருத்தியவர் யார் என்பது பெயரோடும் பதிவெண்ணோடும் கையெழுத்தோடும் அவற்றில் உள்ளது. தோட்ட வரலாற்றுக்குச் சம்பளப் பதிவேடுகள் எவ்வாறோ அவ்வாறே நகர்ப்புறத் தமிழ்க் கட்டுநர் வரலாற்றுக்கு இப்படிவங்கள் மூலமாக அமையக்கூடும். மூவாரில் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் தமிழர் கட்டியவற்றுள் எத்தனை கட்டடங்களின் படிவத்தில் கட்டியவரின் பெயரே இருக்கிறது என்பதை அவற்றை எண்ணிப் பார்த்தே கூற முடியும்.